போடியில் மின்தடை, தேனியில் டீ

அத்தியாயம் 6

மேலாளர் வைகுண்டராஜ் ஒருவரிடம் பேசும்போது அவருடைய சட்டைப்பையைப் பார்த்துப் பேசுவார். முகத்தைப் பார்ப்பதற்கு எதிராளிக்கு ஒரு தகுதி வேண்டும் என்பது அவர் கொள்கை. சுகிர்தத்துக்குச் சட்டைப்பை இல்லாததால் அவளுடைய கைப்பையைப் பார்த்துப் பேசினார்.

"நாலு மணிக்குப் புகார் ஸ்டேஷனுக்குப் போயிரும். அதுக்குள்ள நீங்க பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டுக் கிளம்பிரலாம்."

சுவர்க் கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது.

சுகிர்தத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்து நாலு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, மனிதர்கள் கம்பி வழியாகப் பொய் சொல்வதைக் கேட்டவள். விருப்ப ஓய்வு வாங்கியதும் அந்தப் படிப்பு வீணாகக் கூடாது என்று, பெரியகுளம் ரோட்டில் ஒரு உரக்கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற லிங்கேஸ்வரன் ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர் முதலாளி. ஊரில் எல்லார் கையிலும் போன் வந்ததும் சென்டர் மூடியது, வாய் மட்டும் மூடவில்லை. அவன் தன்னைத் துணைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்வான். சுகிர்தம் அவனை டிரைவர் என்று சொல்வாள்.

விஷயம் இதுதான். தேனியில் கர்ணன் நடத்தும் ஏலக்காய் ஏல நிறுவனத்துக்குக் குமுளிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் இந்தப் பக்கத்திலிருந்தும் தோட்டக்காரர்கள் மூட்டை கொண்டுவருவார்கள். சல்லடையில் போட்டுக் காயின் பருமனைப் பார்த்துத் தரம் பிரித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். ஏலத்தில் வியாபாரிகள் அந்தத் தரத்தை நம்பித்தான் விலை கேட்பார்கள். கடந்த மூன்று மாதத்தில் மூன்று சரக்கு எட்டு மில்லிமீட்டர்க் காயாக ஏற்றப்பட்டு, ஏலத்துக்கு முன் ஆறு மில்லிமீட்டராக மாறியிருந்தது. மூன்றும் அடிமாட்டு விலைக்குப் போயின. மூன்றாவது சரக்கின் சொந்தக்காரி கூடலூர்த் தோட்டக்காரம்மா. அவர் அதே மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் துண்டில் முடிந்து வைத்திருந்தவர். நேராக வந்து கர்ணன் மேசையில் கொட்டினார். கம்ப்யூட்டரைத் துழாவிப் பார்த்ததில் மூன்று மாற்றமும் முனீஸ்வரி என்ற பெயரில் நடந்திருந்தது.

முனீஸ்வரி ஜெயமங்கலத்துக்காரி. பதினெட்டு வயதில் கர்ணனின் பழைய போடிக் கடையில் ஏலக்காய் பொறுக்க வந்து, பதினாறு வருடத்தில் தேனி அலுவலகத்தின் தரப்பிரிவு மேசைக்கு உயர்ந்தவள். பத்து நாளாக வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். அன்று காலை எட்டு மணிக்கு உரக்கடை மாடிப்படி ஏறி வந்து சுகிர்தத்திடம் அழாமல் சொன்னாள்.

"போலீசுக்குப் போனா பெயில்ல வந்துருவேன்க்கா. ஆனா சரக்குல கை வச்சவன்னு பேர் வந்துட்டா போடியிலயும் தேனியிலயும் ஒரு கடை வாசல்ல என்னை விட மாட்டாக. எனக்கு ஏலக்காயைத் தவிர ஒண்ணும் தெரியாது."

சுகிர்தம் வந்து கேட்டதும் கர்ணன் மறுக்கவில்லை. அவளை வாசலோடு திருப்பி அனுப்பினால், என்னத்தையோ மறைக்கிறார்கள் என்று பஜார் சாயங்காலத்துக்குள் பேசிவிடும்.

வைகுண்டராஜ் ஒரு தாளை நீட்டினார். அதில் மூன்றே வரிகள். மார்ச் பதினொன்று, ஏப்ரல் எட்டு, மே பதிமூன்று. நேரம் முறையே பத்து நாற்பது, பதினொன்று பதினைந்து, பத்து ஐம்பத்தைந்து. பெயர் மூன்றிலும் முனீஸ்வரி. மஞ்சள் மை பூசியிருந்தார்.

"பொறுக்குற வேலைக்கு வந்தவளைக் கம்ப்யூட்டர் முன்னால உக்கார வச்சது முதலாளியோட இரக்கம். இரக்கப்பட்டா இப்படித்தான்."

எந்த மேசையிலிருந்து செய்தது என்று தெரியுமா என்று லிங்கேஸ்வரன் கேட்டான். எல்லா மேசையும் ஒரே பெட்டி வழியாகப் போவதால் அது தெரியாது, பெயர்தான் தெரியும் என்றார். கேள்வி கேட்டவனின் பையில் இருந்த சீப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கம்ப்யூட்டர் அடிக்கடி தகராறு செய்யுமா என்று சுகிர்தம் சாதாரணமாகக் கேட்டு வைத்தாள்.

"கீழ்மேசைக்காரகளுக்குச் செய்யும். மாசம் ஒரு நாள் கூட்டமா வந்து உள்ள போக முடியலைன்னு நிப்பாக. எனக்கு இந்த அஞ்சு வருஷத்துல ஒரு நாள் ஒரு நிமிஷம் தடங்கல் வந்ததில்ல. விரலும் மூளையும் ஒண்ணா வேலை செஞ்சா மெஷின் சொன்னபடி கேக்கும்."

சுகிர்தம் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். தன் வாக்கு எழுதப்படுவதைப் பார்த்து வைகுண்டராஜ் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் லிங்கேஸ்வரன் சொன்னான்: "அக்கா, இந்தாளு கண்ணாடி பார்த்தாக் கூட நிமிர்ந்து பார்க்க மாட்டாரு. அதுலயும் எதிர்ல இருக்கிறவன் தகுதி போதாதுன்னு நினைப்பாரு."

"வண்டி சாவியைப் பத்திரமா வச்சுக்க. வா."

கம்ப்யூட்டர் அறையில் ஸ்டான்லி இருந்தான். போடியில் மூன்று தலைமுறையாக ஜவுளி விற்கும் வீட்டுப் பையன், முப்பது வயது. தன்னைத் தவிர அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதில் வைகுண்டராஜோடு போட்டி போடுபவன். பெண்பிள்ளைக்கு விளங்காது என்ற முன்னுரையோடு விளக்க ஆரம்பித்தான். எக்ஸ்சேஞ்சில் பத்தாயிரம் இணைப்பைக் கட்டி மேய்த்தவள் பொறுமையாகக் கேட்டாள்.

நிறுவனத்துக்கு இரண்டு பெரிய மெஷின்கள். தரம், ஏலம், பில் எல்லாம் ஓடுகிற அப்ளிகேஷன் சர்வர் தேனியில். ஊழியர் யார் யார், அவரவர் பாஸ்வேர்ட் என்ன, யாருக்கு எதைத் திறக்க உரிமை என்று வைத்திருக்கிற டைரக்டரி சர்வர் போடியில். இங்கே ஒருவர் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால், இந்த மெஷின் அந்த மெஷினிடம் கேட்கும். அது சரி என்றால்தான் இது கதவைத் திறக்கும்.

"அதாவது இங்கன இருக்கிறது வாட்ச்மேன். ஆளை அடையாளம் தெரிஞ்சவரு போடியில உக்காந்திருக்காரு," என்றான் லிங்கேஸ்வரன்.

"அப்படிக் கொச்சையாவும் சொல்லலாம்."

அது ஏன் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று சுகிர்தம் கேட்டாள். ஸ்டான்லியின் உதடு கோணியது. மெஷினை வைத்துக் கொடுக்க மதுரையிலிருந்து வந்த ஆள், இதுதான் எல்லாவற்றுக்கும் தலை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். தலை என்றால் அது எங்கப்பா உட்கார்ந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கர்ணன் தீர்மானித்தார். போடிப் பழைய கடையில் தகப்பனார் கல்லாவைப் போட்டிருந்த மூலையில், அவர் படத்துக்குக் கீழே, டைரக்டரி சர்வர் குடியேறியது. சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமை மாலை. மாலையின் பூ காற்றுத் துளையை அடைத்து இரண்டு முறை சூட்டில் நின்றுபோனது. காவல்காரர் அம்மாவாசி தினமும் விளக்கு வைக்கிறார். பேட்டரி செத்து ஒன்றரை வருடமாகிறது. அதற்கு மட்டும் முதலாளி மனசு வரவில்லை.

"விளக்கு எரியுது, பேட்டரி எரியலை," என்றான் லிங்கேஸ்வரன்.

மேசை ஓரத்தில் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு கிடந்தது. ஊழியர்கள் புகார் எழுதிக் கையெழுத்துப் போடும் நோட்டு. சுகிர்தம் மூன்று தேதிகளையும் புரட்டினாள். மூன்றிலும் பக்கம் நிறைய ஒரே புகார், லாகின் ஆகவில்லை. ஏழு மேசை, ஏழு கையெழுத்து. முனீஸ்வரியும் எழுதியிருந்தாள், மார்ச் பதினொன்று, பத்து இருபது. பதில் கட்டத்தில் ஏழு பேருக்கும் ஸ்டான்லி ஒரே வரியை எழுதியிருந்தான்: பாஸ்வேர்டைச் சரியாகப் போடவும்.

"ஏழு பேருக்கும் ஒரே காலையில ஞாபகம் தப்பிருச்சாக்கும்," என்றாள் சுகிர்தம்.

"சாயங்காலம் தானாச் சரியாப் போயிரும்மா. தானாச் சரியாப் போறதை யாரு போய் நோண்டுவாக?"

பத்து இருபதுக்கு உள்ளே போக முடியவில்லை என்று கையெழுத்துப் போட்டவள் பத்து நாற்பதுக்கு உள்ளே போய்த் தரத்தை மாற்றியிருக்கிறாள். லிங்கேஸ்வரனுக்கு உற்சாகம் வந்துவிட்டது, கேஸ் முடிந்தது என்றான். சுகிர்தம் அவனைப் படியிறங்கச் சொன்னாள்.

"இருபது நிமிஷத்துல சரியான பாஸ்வேர்ட் ஞாபகம் வந்துருச்சும்பாரு அந்தாளு. இந்த நோட்டே அவ போட்ட நாடகம்பாரு. இது பத்தாது, லிங்கு. டீ குடிப்போம்."

வாசலில் வேப்பமரத்தடியில் சந்தனம்மாள் டீக் கேனோடு உட்கார்ந்திருந்தாள். இந்த அலுவலகமும் பக்கத்து இரண்டு கடையும் அவளுடைய வாடிக்கை. இன்று வியாபாரம் எப்படி என்று லிங்கேஸ்வரன் பேச்சுக்குக் கேட்டான். இன்றைக்கு ஒரு கேன்தான் என்றாள். மாதம் ஒரு நாள் இரண்டு கேன் கொண்டுவருவாளாம்.

"என்ன நாளு அது, சம்பள நாளா?"

"சம்பள நாள்ல இவுக வீட்டுக்கு ஓடிருவாக தம்பி. போடியில கரண்ட் நிறுத்துற நாள்ல. எம் மக அங்கன கட்டிக் குடுத்திருக்கேன். காலையிலேயே போன் போடுவா, ஆத்தா இன்னைக்குக் கரண்ட் இல்லை, இப்பவே மாவாட்டிருதேன்னு. அவ போன் வந்தா நான் இங்கன ரெண்டு கேன் போட்டுருவேன்."

லிங்கேஸ்வரன் சிரித்தான். சுகிர்தம் சிரிக்கவில்லை. டீ டம்ளரை மரத்தடிக் கல்லில் வைத்தாள்.

"போடியில கரண்ட் போனா தேனியில ஏன் டீ கூடப் போகுது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இங்கன ஃபேன் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஆனா அன்னைக்குப் பூரா இவுக வேலை ஓடாது. மொத்தமா இறங்கி வந்து மரத்தடியில நிப்பாக. முனீஸ்வரி மட்டும் மூணு டீ குடிப்பா. நான் வெளிய நிக்கிறவகளுக்கு மட்டும்தான் ஊத்துவேன். மேல கொண்டு போனா எங் கை சுத்தமில்லைன்னு மேனேஜர் சொல்லிட்டாக."

லிங்கேஸ்வரன் ஏற்கெனவே போனைத் தடவிக்கொண்டிருந்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகள் என்று பேப்பரில் வரும் கட்டம், யாரும் வாசிக்காத கட்டம். போடி. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. மார்ச் பதினொன்று. ஏப்ரல் எட்டு. மே பதிமூன்று.

அவன் போனைச் சுகிர்தத்திடம் நீட்டினான். சுகிர்தம் மூன்று தேதிகளையும் வாசித்தபடி மீதி டீயைக் குடித்தாள்.

மறுபடி மாடி. ஸ்டான்லி நிமிரவில்லை. சுகிர்தம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, இந்தப் பெண்பிள்ளைக்கு ஒரு சந்தேகம். ஆளை அடையாளம் தெரிஞ்சவரு போடியில கரண்ட் இல்லாமக் கண்ணை மூடிட்டா, இங்கன இருக்கிற வாட்ச்மேன் என்ன செய்வான்? கதவைப் பூட்டிருவானா, வேற யாரையாவது கேப்பானா?"

பூட்டிவிடும் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினான். எதையோ திறந்தான், படித்தான், இன்னொரு முறை படித்தான்.

சர்வரை அமைத்த அன்று இரண்டு வரி எழுதப்பட்டிருந்தது. முதலில் போடியைக் கேள். போடி பதில் சொல்லாவிட்டால் உன்னிடம் இருக்கும் பழைய பட்டியலைப் பார். பழைய பட்டியல் என்பது ஐந்து வருடத்துக்கு முன், டைரக்டரி வருவதற்கு முன், எல்லாருக்கும் முதல் நாள் போட்டுக் கொடுத்தது. அழிக்க வேண்டியது, அழிக்கவில்லை. போடியில் மின்சாரம் நின்றால் புதிய பாஸ்வேர்ட் ஒன்றும் செல்லாது. பழையது செல்லும். யாரும் பழையதைப் போட்டுப் பார்க்க மாட்டார்கள், ஏனென்றால் அது இன்னும் உயிரோடு இருப்பதே யாருக்கும் தெரியாது.

பழைய பாஸ்வேர்ட் என்ன என்று சுகிர்தம் கேட்டாள்.

"ஆள் நம்பர்," என்றான் ஸ்டான்லி மெதுவாக.

"எது, கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியிற அட்டையில பெருசா அச்சடிச்சிருக்கே, அதுவா?" என்றான் லிங்கேஸ்வரன். "நல்ல வேளை. வீட்டுல வச்சா காணாமப் போயிருக்கும்."

சுகிர்தம் ஸ்டான்லியிடம் ஒரு வேலை கொடுத்தாள். மேலாளர் தந்த தாளில் முனீஸ்வரியின் வரிகள் மட்டும்தான் இருந்தன. அந்த மூன்று நாளிலும், காலை பத்து முதல் நாலு வரை, உள்ளே போன எல்லாருடைய பெயரும் வேண்டும். ஒருவரையும் விடாமல். யாரிடமும் சொல்லாமல்.

தாள் அச்சாகி வந்தது. அதைப் பார்த்த ஸ்டான்லிக்கு இருமல் வந்தது. சுகிர்தம் நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கர்ணனின் அறையில் கூடினார்கள். கர்ணன் அறுபது வயது, வெள்ளைச் சட்டை, நல்லவன் என்று தன்னைப் பற்றித் தானே முடிவு செய்துகொண்ட முகம். மேசையில் புகார்க் கடிதம் அச்சாகித் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. வைகுண்டராஜ் அதன் பக்கத்திலேயே நின்றார். முனீஸ்வரியை வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கதவோரம் நின்றாள். நாற்காலி இருந்தது, யாரும் உட்காரச் சொல்லவில்லை. சுகிர்தம் நாற்காலியை நகர்த்தி மேசையிலிருந்த கம்ப்யூட்டர் முன்னால் போட்டு அவளை உட்கார வைத்தாள்.

முனீஸ்வரி தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தாள். கணக்கு முடக்கப்பட்டது என்று வந்தது.

"பத்து நாளைக்கு முன்னால நான்தான் முடக்கச் சொன்னேன்," என்றார் வைகுண்டராஜ்.

சுகிர்தம் கர்ணனிடம், போடிக்குப் போன் செய்து அம்மாவாசியை டைரக்டரி சர்வரின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள் என்றாள். கர்ணன் திடுக்கிட்டார். அது அப்பா உட்கார்ந்த இடம், பட்டப்பகலில் அணைப்பது நல்லதல்ல என்றார்.

"மாசா மாசம் மின்வாரியம் அணைக்குதுங்க. அதுக்கு உங்கப்பா கோவிச்சுக்கிடலையே."

போன் போனது. அம்மாவாசி விளக்கையும் சேர்த்து அணைக்கவா என்று கேட்டார். விளக்கு இருக்கட்டும் என்றார் கர்ணன், கடுகடுப்பாக.

சுகிர்தம் முனீஸ்வரியின் கழுத்து அட்டையைப் பார்த்தாள். "உன் ஆள் நம்பர் என்ன?"

"நூத்திப் பதினாலு."

"அதை அடி."

ஒன்று, ஒன்று, நாலு. திரை ஒரு நொடி யோசித்தது. திறந்துகொண்டது. முடக்கப்பட்ட முனீஸ்வரி தரப்பிரிவுக்குள் நின்றாள்.

முதலில் பேசியவர் வைகுண்டராஜ். "பார்த்தீகளா முதலாளி? பூட்டினாலும் உள்ள போக இவளுக்கு வழி தெரியுது. துப்பறிய வந்தவகளே நிரூபிச்சுக் குடுத்துட்டாக."

கர்ணன் தலையை ஆட்டினார். பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். முனீஸ்வரியின் கை விசைப்பலகையிலிருந்து மடிக்கு இறங்கியது. காலையில் மாடிப்படியில் அழாதவள் இப்போது கண்ணைச் சிமிட்டாமல் அந்தப் பேனாவையே பார்த்தாள்.

"கையெழுத்துப் போடுங்க, வேணாங்கலை," என்றாள் சுகிர்தம். "யாரு பேர்ல போடுறோம்னு மட்டும் பார்த்துக்கிருவோம். இவ நம்பர் இவ கழுத்துல தொங்குது. இந்தக் கட்டிடத்துல கண்ணு தெரிஞ்ச எல்லாருக்கும் அது தெரியும். தெரிய வேண்டியது ஒண்ணுதான். போடியில கரண்ட் போற அன்னைக்குப் பழைய நம்பர் செல்லும்கிறது யாருக்குத் தெரியும்?"

"ஸ்டான்லிக்கு," என்றார் வைகுண்டராஜ் உடனே. "இதையெல்லாம் அமைக்கிறவன் அவன்தான்."

எல்லாரும் ஸ்டான்லியைப் பார்த்தார்கள். சுகிர்தம் புகார் நோட்டைத் திறந்து மேசையில் வைத்தாள்.

"இவருக்குத் தெரிஞ்சிருந்தா ஏழு பேரு வந்து நின்னப்போ கொஞ்சமாவது பயந்திருப்பாரு. பாஸ்வேர்டைச் சரியாகப் போடவும்னு ஏழு பேருக்கும் எழுதியிருக்காரு. மூணு மாசமா. ஒரு ஆளுக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறதுக்கு அவரே கைப்பட எழுதின சான்றிதழ் இது."

ஸ்டான்லி தலை குனிந்தான். தப்பித்ததில் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கு உள்ள போக முடியாத ஏழு பேரும் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, மரத்தடியில நின்னு டீ குடிச்சிருக்காக. எட்டாவது ஆளு நோட்டுலயும் இல்லை, மரத்தடியிலயும் இல்லை." சுகிர்தம் தன் குறிப்பேட்டைப் பிரித்து நிதானமாக வாசித்தாள். "'எனக்கு இந்த அஞ்சு வருஷத்துல ஒரு நாள் ஒரு நிமிஷம் தடங்கல் வந்ததில்ல. விரலும் மூளையும் ஒண்ணா வேலை செஞ்சா மெஷின் சொன்னபடி கேக்கும்.' காலையில பதினொன்றரைக்குச் சொன்னது. நான் ஒரு எழுத்துக் கூட மாத்தலை."

வைகுண்டராஜின் பார்வை முதல்முறையாக ஒதுங்க இடமில்லாமல் அலைந்தது.

கைப்பையிலிருந்து தாளை எடுத்து கர்ணன் முன் விரித்தாள். மூன்று நாள், பத்து மணியிலிருந்து நாலு மணிவரை. உள்ளே போனது இரண்டே பெயர். ஒன்று முனீஸ்வரி. மற்றது வைகுண்டராஜ், இரண்டு கடிதங்களுக்கு ஒப்புதல்.

"நான் அன்னைக்கும் இன்னைக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் வச்சிருக்கேன்," என்றார் அவர். குரல் இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. "ரெண்டு பட்டியல்லயும் ஒண்ணா இருந்தா எந்த நாளும் வேலை செய்யும். இதுல என்ன குத்தம்?"

நல்ல பதில்தான். கர்ணன் கூட நிமிர்ந்தார். அப்போது ஸ்டான்லி வாயைத் திறந்தான். தாழ்ந்த குரலில், யாரையும் மட்டம் தட்டாமல், அந்த அறையில் அவன் பேசிய முதல் உபயோகமான வாக்கியம்.

"போடி மெஷின் மூணு இலக்கத்துல பாஸ்வேர்ட் வாங்காது சார். எட்டு வேணும், அதுல எழுத்தும் வேணும். டைரக்டரி வந்த அன்னைக்கே நீங்க உங்க ஆள் நம்பரையே திரும்பத் திரும்பப் போட்டீக, அது தள்ளிருச்சு. என்னைக் கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டுனீக. கடைசியில நான்தான் மாத்திக் குடுத்தேன். பழைய பட்டியல்ல உங்களுக்கு இன்னும் அந்த ஆள் நம்பர்தான் இருக்கு. அந்த மூணு நாளும் நீங்க அதைப் போட்டுத்தான் உள்ள போயிருக்க முடியும்."

கர்ணன் பேனாவை மூடி வைத்தார்.

"முனீஸ்வரி பேர்ல போய்த் தரத்தை மாத்தியிருக்கீக. அதோட நிறுத்தியிருந்தா நான் இன்னும் மரத்தடியிலதான் நின்னிருப்பேன்," என்றாள் சுகிர்தம். "ஆனா ஆபீஸே முடங்கிக் கிடக்கிற நாள்ல உங்க பேர்லயும் உள்ள போய் ரெண்டு லெட்டருக்கு ஒப்புதல் குடுத்திருக்கீக. கீழ்மேசைக்காரகளோட சேர்ந்து நமக்கும் வேலை ஓடலைன்னு சொல்றது உங்களுக்குக் கேவலமாப் போச்சு."

"ஒரு டீ, சார்," என்றான் லிங்கேஸ்வரன் வருத்தமாக. "மூணு தடவை இறங்கி வந்து அவுகளோட நின்னு ஆளுக்கொரு டீ குடிச்சிருந்தா உங்களை யாராலயும் பிடிச்சிருக்க முடியாது."

மூன்று சரக்கையும் ஏலத்தில் எடுத்த வியாபாரி யார் என்று கர்ணன் கேட்டார். கேட்டபோதே அவருக்குப் பதில் ஞாபகம் வந்துவிட்டது. அது மேலாளருடைய மைத்துனன்.

அதன் பிறகு கர்ணன் நல்லவராகிவிட்டார். கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். வெளியே தெரிந்தால் நம்மிடம் மூட்டை கொண்டுவர யோசிப்பார்கள் என்றார். வைகுண்டராஜை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். முனீஸ்வரியிடம் குரலைக் குழைத்தார். "நீ நாளைக்கு வந்து வேலையைப் பாரு ஆத்தா. நடந்ததை மறந்துருவோம்."

முனீஸ்வரி எழுந்திருக்கவில்லை.

"பத்து நாளா எம் பேரைப் போடியில கடை கடையாச் சொல்லியிருக்காக முதலாளி. அதை மறக்கச் சொல்லி ஒவ்வொரு கடையா நீங்க போவீகளா?"

கர்ணன் கூரையைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு லெட்டர் போகுதுன்னு சொன்னீக. போகட்டும். பேரை மட்டும் மாத்துங்க."

அது சரிப்படாது என்று கர்ணன் ஆரம்பித்தார். கூடலூர்த் தோட்டக்காரம்மா மத்தியான ஜீப்பில் வந்துகொண்டிருக்கிறார் என்றாள் சுகிர்தம். யார் மாற்றியது என்று அவர் கேட்பார். எனக்கு எக்ஸ்சேஞ்சில் பொய் கேட்டுத்தான் பழக்கம், சொல்லிப் பழக்கமில்லை என்றாள். கர்ணன் பேனாவைப் பார்த்தார், கிழிந்த கடிதத்தைப் பார்த்தார், ஸ்டான்லியைப் பார்த்தார். புதிதாக அடித்துக் கொண்டு வா என்றார்.

"அவருக்கு மெஷின் வேலை கிடக்கு. நான் அடிக்கிறேன்," என்றாள் முனீஸ்வரி.

போடியில் அம்மாவாசி பிளக்கைத் திரும்பச் சொருகினார். ஸ்டான்லி முதலில் பழைய பட்டியலை அழித்தான். அடுத்து ஒரு கணக்கை விடுவித்தான், ஒரு கணக்கை முடக்கினான். மூன்றாவதாகக் கேட்காமலே புகார் நோட்டை எடுத்து, தான் எழுதிய பதில்கள் எல்லாவற்றையும் தன் கையாலேயே கோடு போட்டு அடித்தான். முனீஸ்வரி கடிதத்தைப் பிழையில்லாமல் அடித்து முடித்தபோது மூன்று ஐம்பது. கர்ணன் கையெழுத்துப் போட்டார்.

போலீஸ் வரும்வரை தன் அறையில் இருப்பதாக வைகுண்டராஜ் சொன்னார். அவர் அறைக் கதவும் அதே மெஷினைக் கேட்டுத்தான் திறக்கும். அட்டையை இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார். திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் படியிறங்கினார்.

வேப்பமரத்தடியில் மற்ற ஆறு மேசைக்காரர்களும் முனீஸ்வரியைச் சுற்றி நின்றார்கள். சந்தனம்மாள் ஊற்றிக்கொண்டே வந்தாள். ஏழு டம்ளர், சுகிர்தத்துக்கு ஒன்று, லிங்கேஸ்வரனுக்கு ஒன்று. எல்லாருக்கும் கொடுத்த பிறகு இன்னொரு டம்ளரை நிரப்பி, நாலு அடி தள்ளித் தனியாக நின்றவரிடம் நீட்டினாள். இவருக்குமா என்று லிங்கேஸ்வரன் கேட்டான்.

"வெளிய நிக்கிறவகளுக்குத்தானே தம்பி நான் ஊத்துவேன்," என்றாள் சந்தனம்மாள்.